அரை நிழலுக்கு ஏழு செடிகள்

சுகாதார ஆய்வாளர் வருவதற்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. மணிக்கணக்கில் சொன்னால் இருநூற்றுப் பதினாறு. சின்னவள் அன்று காலை ஏழு மணிக்கே ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பின்பக்க முற்றத்துக்குப் போனாள். அரை மணிக்கு ஒரு தடவை, வெயில் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, சிமெண்டுத் தரையில் கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதினாள்.

முற்றம் பதினோரு அடி நீளம், எட்டு அடி அகலம். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்ட கூரை. கிழக்கே அடுத்த கட்டடத்தின் மூன்று மாடிச் சுவர் மறைத்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டி சூரியன் எட்டிப் பார்க்க ஒன்பது இருபது ஆனது. ஒரு மணிக்கெல்லாம் கூரையின் நிழல் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டது. ஆக, மூன்று மணி நாற்பது நிமிட வெயில். அதுவும் தெற்கு மூலையில் மட்டும்.

கூரைக்கடியில் சாய்வு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வலது கை வீங்கித் தலையணை மேல் கிடந்தது.

"என்னடி, நொண்டி விளையாடப் போறியா?"

"செடி வெக்கப் போறேன்மா. வாசனைச் செடி."

"எதுக்கு? சாக்கடைக்கு சென்ட் அடிக்கவா?"

சின்னவள் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வது? சாக்கடையில் ஒன்றும் இல்லை. அந்த நாற்றம் அம்மாவின் வலது மார்பில் இருந்த புண்ணின் நாற்றம். இது சின்னவளுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வரும் நர்சுக்குத் தெரியும். சுவரைப் பகிர்ந்துகொண்டிருக்கும் பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அம்மா.

பொய்யை முதலில் சொன்னது அக்காதான். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் அம்மா மூக்கைச் சுளித்து, "என்ன நாத்தம் இது? எலி கிலி செத்துக் கிடக்கா?" என்று கேட்டாள். நர்ஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா சட்டென்று, "சாக்கடைம்மா. பின்னாடி அடைச்சிருக்கும் போல" என்றாள். நர்சின் கை மறுபடி நகர்ந்தது. அந்த நேரத்தில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

வேறு எந்த வீட்டிலும் இந்தப் பொய் எடுபட்டிருக்கும். ஆனால் அம்மா நகரசபையின் சுகாதாரப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். அதிலும் புகார்ப் பிரிவு. சாக்கடை நாறுகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், எந்தத் தெரு, கழிவுநீர் சேரும் எந்தச் சேம்பர், காலையிலா மாலையிலா, அழுகின முட்டை நாற்றமா, சாண நாற்றமா என்று குடைந்து குடைந்து கேட்டு எழுதி, முடிகிற வரைக்கும் ஃபைலை மூடாதவள். அலுவலகத்தில் அவளுக்குப் பசை என்று பெயர். ஒட்டினால் விடமாட்டாள். அப்படிப்பட்டவளிடம் போய்ச் சாக்கடை நாறுகிறது என்று சொன்னால் சும்மா இருப்பாளா?

இடது கையால், கோணல் மாணல் எழுத்தில், புகாரை மூன்று பிரதி எழுதினாள். பின்பக்கச் சேம்பர் இரண்டு வீட்டுக்கும் பொது. தங்கள் வீட்டுக் குழாயில் அடைப்பு இல்லை. அப்படியானால் பக்கத்து வீட்டில் துணி ஊறவைக்கும் தொட்டியின் தண்ணீர்தான் தேங்கி அழுகுகிறது. நேரே வந்து பார்த்து, ஆவன செய்யவும்.

"தையல் அத்தை மேலயாம்மா புகார் குடுக்கற?" என்று சின்னவள் அன்றைக்குக் கேட்டாள். அவள் அம்மாவிடம் எதிர்த்துப் பேசியதில் அதுதான் அதிகபட்சம்.

"ஊசி எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். அதுக்காக? பழக்கம் வேற, சேம்பர் வேற."

தையல்காரியை அம்மா ஊசி என்றுதான் கூப்பிடுவாள். அவள் அம்மாவை ஆபீசர் என்பாள். தினமும் சாயந்திரம் நாலரை மணிக்கு அவள் மிஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு முற்றத்துக்கு வந்து உட்காருவாள். இருவரும் ஊரில் ஒருவரை விடாமல் அளந்து முடிப்பார்கள். அம்மாவுக்குப் புண் வந்த பிறகு, பக்கவாட்டில் நாடா கட்டித் திறக்கிற மாதிரி மெல்லிய பருத்தி ரவிக்கை எட்டு தைத்துக் கொடுத்தது அவள்தான். புகார் போன பிறகு வருவதை நிறுத்திவிட்டாள்.

நகரசபையிலிருந்து நோட்டீஸ் வந்தது. இன்ன தேதியில் ஆய்வு. காரணம் தொட்டிதான் என்று தெரிந்தால் தையல்காரி வீட்டுக் கழிவுநீர் இணைப்பு மூடப்படும். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: இணைப்பை மூடினால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

நோட்டீஸ் வந்த அன்று தையல்காரி வாசல் பக்கமாக வந்து, முன்னறையில் அக்கா தங்கை இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். குரல் பின்பக்கம் போய்விடாதபடி பேசினாள்.

"நான் ஆபீசர்கிட்ட வாயைத் திறக்கமாட்டேன். அது என் வாயால வரக்கூடாது. ஆனா எனக்குப் போக வேற இடம் இல்ல, கண்ணுங்களா. ரெண்டு மிஷினையும் தூக்கிட்டு இந்த வயசுல நான் எங்க போவேன்? நீங்களே ஏதாவது பண்ணுங்க."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படித்தான். வேதியியல் படித்துவிட்டு, குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் சீசாக்களோடு வேலை பார்ப்பவள். சீசாக்கள் பதிலுக்குப் பேசாதது அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது அம்மாவுக்காக நீண்ட விடுப்பில் இருந்தாள்.

அவளுக்குத் தோன்றிய வழி இதுதான். ஆய்வு நாளுக்குள் அம்மாவின் மூக்குக்கு நாற்றம் எட்டாமல் போனால், அவளே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வாள். நர்ஸ் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவியதில் நாற்றம் பாதி குறைந்திருந்தது. அம்மாவைப் பகலெல்லாம் காற்றோட்டமான முற்றத்திலேயே உட்காரவைத்து, சுற்றிலும் நல்ல வாசனையாக எதையாவது வைத்தால் மீதியும் அடங்கலாம்.

இதைக் கேட்ட அக்கா, "சரியான ஊமைக்கோட்டான் மூளை" என்றாள். அவளுடைய அகராதியில் அது பாராட்டு.

கோடு போட்ட மறுநாள் சின்னவள் நர்சரிக்குப் போனாள். நெடுஞ்சாலையை ஒட்டி, பச்சை வலைக்குக் கீழே நாலு வரிசைச் செடிகள். நர்சரிக்காரர் தொப்பையும் முண்டா பனியனுமாக, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தார்.

"சொல்லும்மா. வீட்டுக்கா, கடைக்கா, காதலுக்கா?"

சின்னவள் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். முற்றத்தின் படம், வெயில் கோடுகள், நேரம், சேம்பர் மூடி இருக்கும் இடம், நாற்காலி போகவர விட வேண்டிய வழி எல்லாம் அதில் இருந்தன. அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஆத்தாடி. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறவங்ககூட இவ்வளவு எழுதிட்டு வரமாட்டாங்க."

"மூணு அடிக்கு மேல வளரக்கூடாது. ரொம்பப் படரவும் கூடாது. அரை நிழல்ல நிக்கணும். வாசனை வேணும்."

"எப்போ வேணும்?"

"இப்போ."

"இப்போன்னா? செடி என்ன, பட்டனைத் தட்டினா எரியற லைட்டா?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இறங்கி வந்தார். "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?"

"பின்னாடி சாக்கடை. நாத்தம் வருது."

பொய் இந்தத் தடவை அவள் வாயிலிருந்தும் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

நர்சரிக்காரர் தலையை ஆட்டினார். "செடி வெச்சா நாத்தம் போகாதும்மா. அதுவும் இதுவும் கலந்து மூணாவதா ஒண்ணு வரும். அது இன்னும் மோசம். முதல்ல சாக்கடையைச் சரி பண்ணு."

"அதைச் சரி பண்ண முடியாது."

"முடியாத சாக்கடைன்னு ஒண்ணு இருக்கா என்ன?"

டாக்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டு, ஆறுகிற புண் என்றும் ஆறாத புண் என்றும் இரண்டு உண்டு என்று சொன்னார். சின்னவள் வரிசைக்குள் நடந்தாள்.

முதல் வரிசையில் மல்லிகை பூத்துக் கொட்டியிருந்தது. நர்சரிக்காரர், "இதுதானே எல்லாரும் கேக்கறது. ஆனா மூணு மணி வெயில் இதுக்குக் காணாது" என்றார். வெயில் போதும் என்றாலும் அவள் வாங்கியிருக்கமாட்டாள். கல்லூரி ஆய்வகத்தில் ஒருமுறை பேராசிரியை இரண்டு சீசாக்களை நுகரக் கொடுத்தார். ஒன்றில் பூ வாசனை. இன்னொன்றில் அழுகல். இரண்டிலும் இருந்தது ஒரே பொருள். இண்டோல். நீர்த்துப் போனால் மல்லிகை, அடர்ந்தால் மலம். மல்லிகைக்குள்ளேயே அழுகலில் ஒரு துளி இருக்கிறது. அம்மாவின் புண்ணிலும் அது இருக்கிறது. இரண்டையும் ஒரே முற்றத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று கைகொடுத்துத் தூக்கிவிடும்.

"பூவைவிட இலை வாசனை இருந்தா நல்லது" என்றாள்.

"அப்படிச் சொல்லு. பூவுக்குக் காத்துக் கிடக்கணும். இலை, தொட்டா போதும்."

ஓமவல்லி மூன்று தொட்டி எடுத்தாள். அரை நிழல் என்றால் அதற்குக் கொண்டாட்டம், கிள்ளிவிட்டால் ஒரு அடியில் புதராக நிற்கும். திருநீற்றுப் பச்சிலை ஒன்று. அது வெயில் மூலைக்கு. காமினி என்று ஒன்றைக் காட்டினார், குட்டை ரகம், கறிவேப்பிலைக்குச் சொந்தக்காரச் செடி, வெள்ளை மொட்டு வைத்திருந்தது. ஒரு பூவைக் கிள்ளி நீட்டினார். ஆரஞ்சுத் தோலை உரித்த மாதிரி ஒரு வாசனை. இரண்டு எடுத்துக்கொண்டாள். கடைசியாக ஒரு கார்டீனியாவைக் காட்டினார். இரண்டடி உயரம், எண்ணெய் தேய்த்த மாதிரி இலைகள், ஒன்பது மொட்டு.

"இது பெரிய வீட்டுப் பொண்ணு மாதிரி. நிழல் பிடிக்கும், வாசனை ஆளைத் தூக்கும். ஆனா இடம் மாத்தினா கோவிச்சுக்கும். மொட்டை உதிர்த்தாலும் உதிர்க்கும்."

அது வேண்டாம் என்றுதான் அவள் புத்தி சொன்னது. ஆனால் அம்மாவுக்குப் பார்க்க ஒரு பூவாவது வேண்டாமா என்று மனசு கேட்டது. எடுத்துக்கொண்டாள். ஆக ஏழு.

அம்மாவுக்குச் செடிகள் வந்ததில் ஏக சந்தோஷம். நாற்காலியில் இருந்தபடியே, அதைத் தள்ளு, இதை இழு, சேம்பர் மூடியை மறைக்காதே, நகரசபைக்காரர்கள் வந்தால் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். ஓமவல்லிகளை நாற்காலியின் வலது கைப்பக்கம் வரிசையாக வைத்தாள் சின்னவள். அது ஏன் வலது பக்கம் என்று அம்மா கேட்கவில்லை. இடது கையை எட்டிப் போட்டு ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"மருந்துக்கடைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குடி."

"நல்லா இல்லியா?"

"அந்த நாத்தத்துக்கு இது தேவலாம்." இன்னொரு இலையைக் கிள்ளினாள். "ஊசி வர்றதே இல்ல பார்த்தியா? கோவம். பின்ன இருக்காதா? ஆனா ஒண்ணு. நாத்தம் அடிக்கற வீட்டுல யார்தான் வந்து உக்காருவாங்க? நாத்தம் போனா அவளே வந்துடுவா."

சின்னவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஏற்கெனவே ஊற்றியிருந்த செடிக்கே மறுபடியும் ஊற்றினாள்.

அதற்கடுத்த மூன்று நாட்கள் நன்றாகவே போயின. காமினி மொட்டுக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. சின்னவள் மணிக்கு ஒரு தரம் அந்தப் பக்கம் போவது போலப் போய், ஓமவல்லி இலைகளை விரலால் நசுக்கிவிட்டு வந்தாள். இரவிலும் பகலிலும் அவள் கை விட்டு அந்த மணம் போகவில்லை. நர்சும் தன் பங்குக்குக் கட்டின் மேல் கரித்தூள் பஞ்சு வைத்துக் கட்டினாள். நாலாவது நாள் கார்டீனியா ஒன்பது மொட்டையும் உதிர்த்தது. அம்மா விழித்தெழுவதற்குள் சின்னவள் அவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் அம்மா மூக்கை உயர்த்தி இரண்டு பக்கமும் திருப்பினாள்.

"இன்னிக்குப் பரவால்ல. வரலன்னே சொல்லலாம்."

சின்னவள் கிட்டே வந்து குனிந்தாள். "அப்போ புகாரை வாபஸ் வாங்கிடலாமாம்மா?"

"ஒரு நாளைப் பார்த்தா முடிவு பண்றது? மூணு நாள் தொடர்ந்து வரலன்னா எழுதலாம். அதான் முறை." பிறகு குரலைத் தணித்து, "ஊசி தொட்டியைக் கழுவியிருப்பா. ரோஷக்காரி" என்றாள். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்கச் சின்னவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்று நாள் என்றால் கணக்கு சரியாக வந்தது. ஆய்வுக்கு நாலு நாள் இருந்தது. இன்றைக்கு ஒன்று போனால் இன்னும் இரண்டு. அவள் விரல் விட்டு எண்ணவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அக்கா வந்தாள். அவள் தன் வீட்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை வருவாள். அன்றைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள், காலடியில் நான்கு தொட்டி மல்லிகையோடு.

"அம்மாவுக்குப் பிடிச்சது மல்லிகைதானே? நீ என்னடான்னா கஷாயச் செடியா வாங்கி வெச்சிருக்க" என்று சொல்லிக்கொண்டே நேரே முற்றத்துக்குப் போய்விட்டாள். சின்னவள் அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு ஓடி வருவதற்குள், நான்கு தொட்டிகளும் அம்மாவைச் சுற்றி இறங்கிவிட்டன. நர்சரியில் முதல் வரிசையில் பார்த்த அதே செடிகள், பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தவை. அம்மா சின்னப் பெண் மாதிரி ஒரு கொத்தை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அதை எடுத்துடு."

"ஏன்?"

அம்மாவின் முன்னால் என்ன சொல்வது? "வெயில் போதாது" என்றாள்.

"போதாட்டி போகட்டும். நாலு நாள் பூத்தா போதும்."

பதினோரு மணிக்கு வெயில் ஏறியது. காற்று நின்றது. பிளாஸ்டிக் கூரைக்கடியில் சூடு தேங்கியது. சின்னவள் அறைக்குள் இருந்தே அதை உணர்ந்தாள். மல்லிகையும் புண்ணும் கலந்து மூன்றாவதாக ஒன்று எழுந்து வந்தது, நர்சரிக்காரர் சொன்ன மாதிரியே. தித்திப்பாக, கொழகொழவென்று, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிற மாதிரி. அம்மா கஞ்சியை இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய்க்குக் குமட்டியது. குடித்தது எல்லாம் ரவிக்கை மேல் வந்தது.

துடைத்துவிடும்போது அம்மா மூச்சு வாங்கினாள். "பார்த்தியாடி... பூவைக்கூட அழுக வெச்சுட்டா. பூவைக்கூட. அந்தக் காகிதத்தை எடு."

"அம்மா, நேத்து நல்லாத்தானே இருந்தது..."

"எடுன்னு சொன்னேன்."

இடது கையால் நினைவூட்டல் கடிதம் எழுதினாள். புகார் தீரவில்லை, நிலைமை முன்னிலும் மோசம், குறித்த தேதியில் தவறாமல் வரவும். அக்காதான் அதைக் கொண்டுபோய்த் தபாலில் போட வேண்டியிருந்தது. போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அம்மா ரசீது கேட்பாள்.

அடுப்படியில் அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லியிருக்கணும்" என்றாள்.

"நீ கேக்கல."

"உன்கிட்ட எதையும் கிடுக்கி போட்டுத்தானே இழுக்கணும்."

"அக்கா, சொல்லிடலாம். அம்மாகிட்ட."

"பைத்தியமா நீ?" அக்காவின் கண் கலங்கியது, ஆனால் குரல் உடையவில்லை. "ஒரு நாளைக்கு ரெண்டு வேளை குளிச்ச மனுஷி. பஸ்ல பக்கத்துல ஒருத்தன் வேர்வையோட உக்காந்தா எழுந்து நிப்பா. தன் மேல இருந்துதான் வருதுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவா சொல்லு. உன்னைக் கிட்ட விடமாட்டா. நர்சை விடமாட்டா. கதவைச் சாத்திட்டுப் படுத்துடுவா. டாக்டர் என்ன சொன்னார்? ரெண்டு மாசம், மிஞ்சினா மூணு. அந்த மூணு மாசத்தையும் அவ தன்னையே பார்த்து அருவருத்துக்கிட்டுச் சாகணுமா?"

"அப்போ தையல் அத்தை?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்கு வேற வீடு பார்த்துக் குடுக்கலாம்" என்றாள். பதினெட்டு வருஷமாக ஒரே சன்னல் வெளிச்சத்தில் நூல் கோத்தவளுக்கு. அது நடக்காது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. அடுப்பில் கஞ்சி அடிபிடித்தது.

மல்லிகைத் தொட்டிகளைச் சின்னவள் அன்றே தெருவில் கொண்டுபோய் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் யாரோ எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு எஞ்சிய நாட்களில் அவள் என்ன செய்தும் பலிக்கவில்லை. புண்ணின் ஓரம் இன்னும் ஒரு விரற்கடை அகன்றிருந்தது. பொடியின் அளவைக் கூட்டினார்கள். ஓமவல்லி, கசக்கப்பட்ட இலைகளெல்லாம் கறுத்து, மொட்டையாகிக்கொண்டு வந்தது. அம்மா நாற்காலியை மாற்றி மாற்றிப் போடச் சொன்னாள். சேம்பரிலிருந்து தள்ளி வடக்கு மூலைக்கு, பிறகு படியோரத்துக்கு. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இங்கயும் வருது" என்பாள். "பூமிக்கடியில பரவியிருக்கு. குழாய் வெடிச்சிருக்கும்." ஒரு தாளில் இடம் வாரியாகக் குறித்துவைத்தாள். அலுவலகத்தில் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

சின்னவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்தில் எந்தப் பயிற்சிப் பையனிடம் கொடுத்தாலும் அதைப் படித்து அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடுவான். எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

ஒன்பதாவது நாள் பத்தேகாலுக்கு ஆய்வாளர் வந்தார். நரைத்த மீசை, கையில் இரும்புக் கொக்கி, அக்குளில் ஃபைல். முற்றத்துக்குள் நுழைந்ததும், "மேடம், என்னைத் தெரியுதா? உங்ககிட்ட மூணு வருஷம் குப்பை கொட்டினவன்" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "பென்சிலா? நீயா? இன்னும் காதுலதான் பென்சிலைச் செருகிட்டுத் திரியறியா?"

"இப்போ பேனா மேடம். பிரமோஷன்."

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து கொக்கியை மாட்டி மூடியைத் தூக்கினார். சின்னவளும் அக்காவும் படியில் நின்றார்கள். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரி வந்து நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா. அதன் இரு நுனியையும் இரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சேம்பர் சுத்தமாக இருந்தது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிமெண்டு தெரிந்தது. ஆய்வாளர் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். தலையை வெளியே எடுத்தார். எடுத்த பிறகுதான் அவர் மூக்கு விடைத்தது. மெதுவாகத் திரும்பி, தலையணை மேல் கிடந்த கையையும், நாடா கட்டிய ரவிக்கையையும், அதன் ஓரத்தில் ஊறியிருந்த மஞ்சள் ஈரத்தையும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"என்ன பென்சில், சொல்லு. பெர்சனலா பார்க்காத. இருக்கா இல்லியா?"

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். தட்டுவதற்கு அங்கே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"இருக்கு மேடம். நீங்க எழுதினது சரிதான்."

"பார்த்தியா?" என்று அம்மா மகள்களைப் பார்த்தாள். "இருபத்தாறு வருஷம். என் மூக்கு பொய் சொல்லாது."

ஆய்வாளர் ஃபைலைத் திறந்து படிக்கட்டின் மேல் வைத்தார். அச்சடித்த தாள். இணைப்பை மூடும் உத்தரவு. கதவு எண்ணை எழுதினார். தையல்காரியின் பக்கம் திரும்பாமலே, "ஏழு நாள் டைம் தர்றேம்மா" என்றார்.

"சரிங்க சார்" என்றாள் தையல்காரி.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். திரும்புவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது. "ஊசி, மனசுல வெச்சுக்காதடி. எனக்கு மட்டும் சந்தோஷமா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"ஆபீசர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"வீட்டுக்காரன்கிட்ட நான் பேசறேன். சரி பண்ணிட்டுத் திரும்ப இணைப்பு வாங்கிடலாம். எல்லாம் சரியானதும் நாலரைக்கு இங்க வந்து உக்காரணும். புரியுதா?"

தையல்காரி தலையசைத்தாள். அவள் உதட்டை மடித்துக் கடித்திருந்தாள். ஒரு சொல் வெளியே வந்துவிடாமல் காப்பது போல அவள் நின்ற நிற்பைச் சின்னவள் பார்த்தாள். சுவரின் இரண்டு பக்கமுமாக ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அம்மாவுக்காகத்தான் பொய் சொன்னார்கள், அம்மா ஒருத்தி மட்டும் உண்மையாகப் புகார் எழுதினாள். அந்த உண்மையான புகாரால் ஒரு மனுஷி வீட்டை விட்டுப் போகப் போகிறாள். அம்மாவுக்கு இது எந்தக் காலத்திலாவது தெரிந்தால்? மூன்று மாசத்தில் தெரியாமலே போய்விடும். அதைத்தான் அக்கா நல்லது என்கிறாள்.

ஆய்வாளர் பேனாவை மூடாமலே தாளைத் திருப்பி, அம்மாவின் மடியில் வைத்தார். "புகார்தாரர் கையெழுத்து மேடம். இங்க."

அம்மா இடது கையில் பேனாவை வாங்கினாள். எழுதுவதற்கு முன் வழக்கம்போல் முழுவதையும் படித்தாள். மூலக் காரணம் என்ற இடத்துக்கு நேரே, துணி ஊறவைக்கும் தொட்டி என்று அவர் எழுதியிருந்ததை விரலால் தொட்டுப் படித்தாள்.

சின்னவள் படியிலிருந்து இறங்கினாள். அக்கா அவள் முந்தானையைப் பிடித்தாள். அவள் அதை விடுவித்துக்கொண்டாள், மெதுவாகத்தான். ஓமவல்லித் தொட்டிகளைத் தள்ளிவிட்டு, நாற்காலியின் வலது பக்கம், மிக அருகில், தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவு அருகில் அவள் இந்த ஐந்து வாரத்தில் மூச்சை அடக்காமல் உட்கார்ந்ததில்லை. மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். அம்மாவின் வீங்கிய கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி?" என்றாள் அம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கையெழுத்துப் போடாதம்மா. சேம்பர்ல ஒண்ணும் இல்ல. அந்த நாத்தம் உன் புண்ணுல இருந்து வருது."